டால்பினையும் பாக்டீரியாவையும் எங்கே வைத்து ஒப்பிடுவது?

போன பள்ளி விடுமுறையில் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு பினாங்கின் தெலுக் பஹாங் போயிருந்தேன். அங்கே படகுத்துறையிலிருந்து தேசியப் பூங்காவின் கடற்கரைகளுக்குப் படகு விடுகிறார்கள். திரும்பி வரும் வழியில் படகோட்டி சட்டென்று இன்ஜினை நிறுத்திவிட்டு, "லும்பா-லும்பா" என்று கையை நீட்டினார். அவர் காட்டிய பக்கம் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, படகுக்கு மிகப் பக்கத்திலேயே "ப்பூஃப்" என்று ஒரு சத்தம். சைக்கிள் டயரின் வால்வை அமுக்கினால் காற்று சீறுமே, அந்த மாதிரி. மூக்கு நீளாத, உருண்டையான சாம்பல் நிறத் தலை ஒன்று மேலே வந்தது. முதுகில் சின்னதாக, முனை மழுங்கிய ஒரு துடுப்பு. அடுத்த நொடி உள்ளே போய்விட்டது. ஐராவதி டால்பின். இது துள்ளிக் குதித்து வேடிக்கை காட்டும் வகை இல்லை. மூச்சு விட வரும், போய்விடும்.

"சித்தி, அது விட்ட மூச்சு என் கையில பட்டுச்சு" என்றாள் அவள். புறங்கையில் பனித்துளி போல ஈரம். அதைத் துடைக்காமலே வீடு வரைக்கும் வந்தாள்.

படிவம் நான்கில் படிக்கிறாள். கடல்வாழ் பாலூட்டி ஒன்றையும் பாக்டீரியா ஒன்றையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லிப் பயிற்சி கொடுத்திருந்தார்களாம். வந்த உற்சாகத்தில் உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டாள். நோட்டுப் புத்தகத்தின் நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் டால்பின், அந்தப் பக்கம் பாக்டீரியா. டால்பின் பெரியது, பாக்டீரியா சிறியது. டால்பினுக்குப் பல உயிரணுக்கள், பாக்டீரியாவுக்கு ஒன்றே ஒன்று. டால்பின் குட்டி போடும், பாக்டீரியா இரண்டாகப் பிரியும். டால்பின் நல்லது, பாக்டீரியா கெட்டது.

கடைசி வரியைத் தவிர எதுவும் தப்பில்லை. ஆனால் நான்கு வரியையும் படித்து முடித்த பிறகும் டால்பினைப் பற்றியோ பாக்டீரியாவைப் பற்றியோ நமக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடவில்லை. ஏன் ஒன்று பெரியது, ஏன் இன்னொன்று சிறியதாகவே இருந்துவிட்டது, பெரியதாக இருப்பதால் என்ன செலவு, சிறியதாக இருப்பதால் என்ன வரவு என்று கேட்கத் தொடங்கினால்தான் அது ஒப்பீடு. அன்று மாலை முழுக்க நாங்கள் பேசியதை இங்கே எழுதுகிறேன். அறிவியல் பாடத்தை விட்டு ரொம்ப நாள் ஆனவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதே என் ஆசை.

டால்பின் மீன் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நுரையீரலால் மூச்சு விடும், குட்டிக்குப் பால் கொடுக்கும், வாலை மீனைப் போலப் பக்கவாட்டில் வீசாமல் மேலும் கீழுமாக அடிக்கும். அதன் மூதாதைகள் ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தரையில் நான்கு காலில் நடந்த விலங்குகள். இன்றைக்கு உயிரோடு இருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய தரைச் சொந்தம் நீர்யானை. பாக்டீரியாவுக்கு ஈ.கோலை என்ற வகையை எடுத்துக்கொள்வோம். நம் குடலிலும் மற்றப் பாலூட்டிகளின் குடலிலும் வாழ்வது. பெரும்பாலான வகைகள் தீங்கில்லாதவை, சில வகைகள் வயிற்றைக் கெடுப்பவை. உலகத்தில் மிக அதிகமாக ஆராயப்பட்ட உயிர்களில் அதுவும் ஒன்று என்பதால் கணக்குச் சொல்ல வசதி.

ஈ.கோலை ஒரு குட்டைக் குச்சி. நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. முழுதாக வளர்ந்த ஐராவதி டால்பின் 2 மீட்டருக்கு மேல் இருக்கும். நீளத்தில் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். இப்படி எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. அந்தப் பாக்டீரியாவை ஒரு கடுகு அளவுக்கு ஊதிப் பெரிதாக்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே விகிதத்தில் டால்பினையும் பெரிதாக்கினால், தலை ஜார்ஜ்டவுன் ஜெட்டியில் இருக்கும்போது வால் நடுக்கடலைத் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் போயிருக்கும். எடையில் இன்னும் மோசம். ஒரு டால்பினின் எடைக்கு ஈடாகத் தராசின் மறுதட்டில் பாக்டீரியாவைக் குவிக்க வேண்டுமென்றால், 1 போட்டு அதன் பின்னால் 17 பூஜ்யம் எழுத வேண்டும்.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் தவறாக ஒன்றைப் புரிந்துகொள்கிறார்கள். டால்பின் பெரியதாக இருப்பதால் அதன் உயிரணுவும் பெரியதாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எலிக்கும் நமக்கும் டால்பினுக்கும் நீலத்திமிங்கலத்துக்கும் தோலிலோ ஈரலிலோ உள்ள உயிரணுக்களின் அளவில் பெரிய வித்தியாசம் கிடையாது. வீடு பெரியதானால் செங்கல் பெரிதாவதில்லை, செங்கல்லின் எண்ணிக்கைதான் கூடுகிறது. ஆகவே முழு டால்பினை ஒரு பாக்டீரியாவுக்குப் பக்கத்தில் வைப்பது, பினாங்கின் வானுயர்ந்த கொம்தார் கட்டடத்தை ஓர் ஒற்றைக் குடிசைக்குப் பக்கத்தில் வைப்பது போல. வைக்கலாம், வியக்கலாம், அவ்வளவுதான். டால்பினின் ஓர் உயிரணுவை எடுத்துப் பாக்டீரியாவுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் திறக்கும்.

டால்பின் உயிரணு கைக்குக் கிடைக்காது. அதற்குப் பதில் நாமும் பாலூட்டிதானே? டியூஷன் பிள்ளைகளுக்காக வாங்கிய பழைய மைக்ராஸ்கோப் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பல்குச்சியின் மழுங்கிய முனையால் அவள் கன்னத்தின் உட்பக்கத்தை மெதுவாகத் தேய்க்கச் சொன்னேன். கண்ணாடித் தகட்டில் தடவி, காயவிட்டு, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டுக் கழுவினோம். நானூறு மடங்கில் பார்த்தபோது, 'மத்தா' போட்ட முட்டையைப் போல அகலமான, வெளிறிய நீலத்தில் ஓர் உயிரணு தெரிந்தது. மஞ்சள் கரு இருக்க வேண்டிய இடத்தில் அடர்நீலமாக ஒரு பொட்டு. அதுதான் உட்கரு. அவள் கண்ணை எடுக்காமல், "சித்தி, இதுமேல தூசி ஒட்டியிருக்கு" என்றாள். அந்த முட்டையின் வெள்ளைக் கருமேல் மிளகுத்தூள் தூவியது போல நீலப் புள்ளிகள். சில தனித்தனியாக, சில இரண்டிரண்டாக, சில சரம் போல.

அது தூசி இல்லை. அவள் வாயில் வாழும் பாக்டீரியாக்கள். பாலூட்டியின் உயிரணுவும் பாக்டீரியாவும் ஒரே வட்டத்துக்குள், பக்கத்தில் பக்கத்தில். நான் இவ்வளவு நேரம் வாயால் சொன்னது எல்லாம் அந்த ஒரு பார்வையில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கன்னத்து உயிரணு தட்டையாக விரிந்தது, அதனால் கொஞ்சம் அகலம் அதிகம். உடம்பின் மற்ற உயிரணுக்கள் பெரும்பாலும் இன்னும் சிறியவை. எப்படிப் பார்த்தாலும் வித்தியாசம் பத்து லட்சம் மடங்கு இல்லை. பத்து மடங்கு, இருபது மடங்கு, முப்பது மடங்கு, அந்த அளவில்தான்.

இப்போது உள்ளே போவோம். பாலூட்டியின் உயிரணுவுக்குள் அறைகள் உண்டு. மரபுச் செய்தியை வைத்துப் பூட்டிய அறை உட்கரு. சக்தி தயாரிக்க ஓர் உறுப்பு, கழிவைச் சிதைக்க ஓர் உறுப்பு என்று தனித்தனி. பாக்டீரியாவில் அப்படிப்பட்ட அறை கிடையாது. அதன் டி.என்.ஏ., அதாவது மரபுச் செய்தி எழுதிய இழை, வளையமாகச் சுருண்டு நடுவில் கிடக்கிறது, பூட்டும் இல்லை சுவரும் இல்லை. சமையல், படுக்கை, பூசை எல்லாம் ஒரே கூடத்தில் நடக்கும் பழைய தோட்டத்து லயன் வீடு போல. ஆனால் அந்த ஒற்றைக் கூடத்துக்குள் நடக்கும் வேலையைக் குறைவாக எடைபோட்டுவிடக் கூடாது. ஈ.கோலையின் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். அது குடியிருக்கும் உடம்பைப்போல எழுநூறு மடங்குக்கு மேல் நீளம்! அதில் சுமார் 46 லட்சம் எழுத்துகள், சுமார் 4,300 மரபணுக்கள். முழு வரிசையையும் 1997இல் படித்து வெளியிட்டார்கள்.

டால்பினிலோ 200 கோடிக்கு மேல் எழுத்துகள். ஆனால் புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்களை எண்ணினால் மற்றப் பாலூட்டிகளைப் போலவே ஏறக்குறைய இருபதாயிரம்தான். இதை நான் பிள்ளைகளிடம் இரண்டு தடவை சொல்வேன். எடையில் 17 பூஜ்ய வித்தியாசம், மரபணுவில் ஐந்து மடங்குகூட இல்லை. மூளை, இதயம், எதிரொலி கேட்டு மீன் பிடிக்கும் காது, குட்டியைக் கூப்பிடும் குரல், எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஐந்து மடங்குக்குள். வித்தியாசம் மரபணுவின் எண்ணிக்கையில் அவ்வளவாக இல்லை. எந்த மரபணு, எந்த உயிரணுவில், எப்போது விழித்து வேலை செய்கிறது என்பதில்தான் இருக்கிறது. டால்பினின் கண் உயிரணுவிலும் தோல் உயிரணுவிலும் ஒரே புத்தகம்தான் இருக்கிறது. திறந்து படிக்கும் பக்கம்தான் வேறு.

இனி தண்ணீருக்கு வருவோம். எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தெலுக் பஹாங் கடலில் டால்பினும் இருக்கிறது, பாக்டீரியாவும் இருக்கிறது. கரையோரக் கடல்நீர் ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய பத்து லட்சம் பாக்டீரியா இருப்பது சாதாரணம். ஒரே தண்ணீர்தான், ஆனால் இரண்டும் வாழ்வது ஒரே தண்ணீரில் இல்லை. பினாங்கு பெர்ரியில் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். ஜெட்டியை நெருங்கும்போது இன்ஜின் வேகத்தைக் குறைத்தாலும் பெர்ரி நிற்காது, வந்த வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு போகும். டால்பினும் அப்படித்தான். வாலை ஒரு வீச்சு வீசிவிட்டுச் சும்மா இருந்தாலும் உடம்பு முன்னால் போய்க்கொண்டே இருக்கும். அதன் எடை அதைத் தள்ளிக்கொண்டு போகிறது.

பாக்டீரியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் எடை ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம், ஆனால் சுற்றிலும் உள்ள தண்ணீரின் பிசுபிசுப்பு அப்படியே இருக்கிறது. செண்டோலுக்குக் குலா மெலாக்கா பாகு காய்ச்சுவார்களே, அதைவிடக் கெட்டியான பாகுக்குள் மாட்டிக்கொண்டு நீந்துவதுபோலத்தான் அதற்குத் தண்ணீர். 1977இல் எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். நீந்திக்கொண்டிருக்கும் பாக்டீரியா திடீரென்று நிறுத்தினால், எவ்வளவு தூரம் வழுக்கிப் போய் நிற்கும்? ஓர் அணுவின் அகலத்தைவிடக் குறைவான தூரம். நிறுத்திய இடத்திலேயே நின்றுவிடும் என்று அர்த்தம்.

ஆகையால் டால்பினின் வால் பாக்டீரியாவுக்குப் பயன்படாது. பாகுக்குள் ஒரு மட்டையை மேலும் கீழும் ஆட்டினால், மேலே போனபோது கிடைத்தது கீழே வரும்போது பறிபோய்விடும், இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியதுதான். அதனால் ஈ.கோலை வேறு வழி வைத்திருக்கிறது. அதன் உடம்பிலிருந்து நீளமான சுருள் இழைகள் சில கிளம்புகின்றன, கசையிழை என்பார்கள். ஒவ்வோர் இழையின் அடியிலும் உண்மையாகவே சுழலும் ஒரு மோட்டார் இருக்கிறது. நொடிக்கு நூறு சுற்று அளவில் சுழலும். தக்கையைத் திருகிக்கொண்டு இறங்கும் திருகாணியைப் போல இழைகள் தண்ணீரைத் திருகி உடம்பைத் தள்ளுகின்றன. நொடிக்கு இருபது, முப்பது மைக்ரோமீட்டர். நமக்கு அது ஒன்றுமில்லை. அதன் உடம்பு நீளத்தோடு பார்த்தால் நொடிக்குப் பத்து உடம்பு தூரம்! ஒலிம்பிக் ஓட்டக்காரருக்குக்கூட அது முடியாது.

எங்கே போவது என்று எப்படித் தெரியும்? டால்பின் கிளிக் கிளிக் என்று ஒலியை அனுப்பி, அது மோதித் திரும்புவதைக் கேட்டு, கலங்கிய தண்ணீரிலும் மீன் எங்கே என்று கண்டுபிடிக்கும். பாக்டீரியாவின் உடம்பு இரண்டு மைக்ரோமீட்டர் என்பதால் தலைப் பக்கத்துக்கும் வால் பக்கத்துக்கும் இடையில் உணவின் அளவு அநேகமாக மாறவே மாறாது. அதனால் அது இடத்தை ஒப்பிடுவதில்லை, நேரத்தை ஒப்பிடுகிறது. சில நொடிக்கு முன்பு எவ்வளவு சர்க்கரை இருந்தது, இப்போது எவ்வளவு? கூடியிருந்தால் நேராகப் போய்க்கொண்டிருக்கும். குறைந்திருந்தால் இழைகளைக் கலைத்துவிட்டு ஒரு குட்டிக்கரணம் போட்டு, ஏதோ ஒரு புதுத் திசையில் மறுபடி கிளம்பும். மூளை கிடையாது, நரம்பு கிடையாது. ஆனாலும் சில நொடிக்கு ஒரு நினைவு இருக்கிறது. இதைச் சொன்னபோது அக்கா மகள், "பாவம் சித்தி, அது ஒவ்வொரு தடவையும் ஊகம்தானே பண்ணுது" என்றாள். ஆமாம், ஊகம்தான். ஆனால் அந்த ஊகத்தை வைத்துத்தான் அது உணவு இருக்கும் பக்கம் போய்ச் சேர்கிறது.

அடுத்தது, உள்ளே போகும் பொருள் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது. தே ஓ கோப்பையில் சீனியைப் போட்டுக் கலக்காமல் விட்டுப் பாருங்கள். அடியில் இனிப்பாகவும் மேலே சப்பென்றும் வெகுநேரம் கிடக்கும். சீனி தானாகப் பரவும், ஆனால் ரொம்ப மெதுவாக. அந்தப் பரவலுக்கு ஒரு விதி இருக்கிறது. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். தூரம் ஆயிரம் மடங்கானால் நேரம் பத்து லட்சம் மடங்காகும். ஒரு மைக்ரோமீட்டரைக் கடக்க ஆக்சிஜனுக்கு ஒரு மில்லிநொடிகூட ஆகாது. அதே ஆக்சிஜன் அசையாத நீரில் ஒரு மீட்டர் பரவ வருடக்கணக்கில் ஆகும்.

பாக்டீரியாவுக்கு ஏன் வாய் இல்லை, நுரையீரல் இல்லை, இதயம் இல்லை, இரத்தம் இல்லை என்ற நான்கு கேள்விக்கும் இந்த ஒரு விதி பதில் சொல்லிவிடுகிறது. அதற்குத் தேவை இல்லை. எந்த மூலையும் வெளிச்சுவருக்குப் பக்கத்தில்தான். டால்பினோ, பரவலை நம்பி இருந்தால் வாலுக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும். அதனால் நுரையீரலுக்குள் காற்றை இழுக்கிறது, இரத்தத்தில் ஏற்றுகிறது, இதயத்தால் தள்ளுகிறது, மயிரிழையைவிட மெல்லிய குழாய்களாகப் பிரித்து ஒவ்வோர் உயிரணுவின் வாசல் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அந்தக் கடைசி வாசலில், கடைசிச் சில மைக்ரோமீட்டரில், டால்பினும் பரவலைத்தான் நம்புகிறது. அங்கே அதற்கும் பாக்டீரியாவுக்கும் வித்தியாசம் இல்லை. படகுப் பக்கத்தில் நாங்கள் கேட்ட அந்த "ப்பூஃப்" என்ற சத்தம், பெரிய உடம்பு கட்டும் வரி.

விதியை மீறுவது போல ஒரு பாக்டீரியாவும் இருக்கிறது. கரீபியக் கடலில் குவாதலூப் தீவின் அலையாத்திக் காட்டில், தண்ணீரில் கிடந்த இலைகளின்மேல் வெள்ளை நூல் போல வளர்ந்திருந்தது. 2022இல் அறிவித்தார்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீளம், வெறும் கண்ணுக்கே தெரியும். தயோமார்கரிட்டா மேக்னிஃபிகா என்று பெயர். ஆனால் அதன் உள்ளே பெரும்பகுதி ஒரு நீர்ப்பைதான். உயிர் வேலை நடக்கும் பகுதி ஓரத்தோடு ஒட்டி மெல்லிய படலமாக இருக்கிறது. விதியை மீறவில்லை, விதிக்கு ஏற்றபடி உள்ளே காலி செய்து வைத்திருக்கிறது. நம் பினாங்கு மேற்குக் கரையிலும் அலையாத்தி இருக்கிறது என்பதால் அங்கே போகும்போதெல்லாம் இலைகளைக் குனிந்து பார்க்கிறேன்.

வெப்பமும் இதே கதைதான். தண்ணீர் நம் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். டால்பின் தோலுக்கு அடியில் கொழுப்புப் போர்வை போர்த்திக்கொண்டு, நம்மைப் போலவே 36, 37 பாகையில் உடம்பை வைத்துக்கொள்கிறது. பாக்டீரியாவுக்குச் சூட்டைப் பிடித்து வைக்க இடமே இல்லை. சுற்றுப்புறம் எவ்வளவோ அதுவும் அவ்வளவே. ஐஸ்பெட்டியில் வைத்த தோசை மாவு புளிக்காமல் கிடப்பதும், வெளியே வைத்தால் நம் ஊர்ச் சூட்டுக்குப் பொங்கி வழிவதும் இதனால்தான்.

இனப்பெருக்கத்தைப் பற்றி அவள் எழுதிய வரியில் எண்ணைச் சேர்க்கச் சொன்னேன். நல்ல சாப்பாடும் 37 பாகைச் சூடும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். பத்து மணி நேரத்தில் முப்பது தடவை. ஒன்றிலிருந்து தொடங்கினால் 100 கோடியைத் தாண்டிவிடும். உண்மையில் சாப்பாடு தீர்ந்து அதற்கு முன்பே நின்றுவிடும், ஆனாலும் வேகம் அதுதான். ஐராவதி டால்பின் ஒரு குட்டியைச் சுமக்க ஏறக்குறைய 14 மாதம். ஒரே ஒரு குட்டி. பிறகு பால் கொடுத்து, கூடவே வைத்துக்கொண்டு வளர்க்க வேண்டும். அதனால் ஒரு தாய் மீன்வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்தால் அந்த இடத்தை நிரப்ப வருடங்கள் ஆகும். 2017இல் இந்த இனத்தை அருகிவரும் உயிராகப் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். முக்கியக் காரணம் செவுள்வலைகள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்குக் குரல் கம்முகிறது, மறைக்க விருப்பமில்லை.

பாக்டீரியாவிடம் இன்னொரு வித்தையும் இருக்கிறது. டால்பினுக்கு மரபணு அப்பா அம்மாவிடமிருந்து மட்டும் வரும். பாக்டீரியாவோ பக்கத்தில் இருக்கும் இன்னொரு பாக்டீரியாவிடம், அது வேறு இனமாக இருந்தாலும்கூட, சின்ன டி.என்.ஏ. வளையம் ஒன்றைக் கைமாற்றாக வாங்கிக்கொள்ளும். மருந்துக்கு அசையாத தன்மை பாக்டீரியாக்களுக்குள் இவ்வளவு சீக்கிரம் பரவுவதற்கு இந்தக் கைமாற்று ஒரு பெரிய காரணம்.

இதுவரை வித்தியாசங்களைச் சொன்னேன். ஆனால் இந்த ஒப்பீட்டின் ஆணிவேர் வேறு இடத்தில் இருக்கிறது. பிரெஞ்சு உயிரியலாளர் ஜாக் மோனோ, ஈ.கோலைக்கு எது உண்மையோ அது யானைக்கும் உண்மை என்ற பொருளில் சொன்னது பிரபலம். அது எவ்வளவு தூரம் சரி என்பதற்கு எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியே சாட்சி. என் அம்மாவுக்கு இனிப்புநீர். கதவுத் தட்டில் இன்சுலின் பேனா இருக்கும். ஒரு காலத்தில் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்துதான் இன்சுலின் எடுத்தார்கள். 1978இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலைக்குள் வைத்து அதைச் செய்ய வைத்தார்கள். 1982இல் அமெரிக்காவில் அது மருந்தாக அனுமதி பெற்றது. இன்றைக்கும் இன்சுலினைப் பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோதான் வளர்க்கிறார்கள்.

இது எப்படி முடிந்தது என்று யோசியுங்கள். கணையமே இல்லாத, இரத்தமே இல்லாத, சர்க்கரை நோய் என்றால் என்னவென்றே தெரியாத ஓர் உயிர், மனிதனின் குறிப்பை வாங்கிப் படித்து, எழுத்துப் பிசகாமல் அதே புரதத்தைச் செய்து கொடுக்கிறது. காரணம், இரண்டும் ஒரே எழுத்தில் எழுதுகின்றன. டி.என்.ஏ.வில் நான்கு எழுத்துகள். மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்துப் படித்தால் ஓர் அமினோ அமிலம். எந்த மூன்றெழுத்துக்கு எந்த அமினோ அமிலம் என்ற அகராதி பாக்டீரியாவுக்கும் டால்பினுக்கும் நமக்கும் ஒன்றே. சக்தியைச் செலவழிக்கப் பயன்படும் நாணயமும் ஒன்றே, ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. இரண்டும் தனித்தனியாகத் தோன்றியிருந்தால் அகராதி இப்படிச் சொல்லுக்குச் சொல் பொருந்தாது. எங்கோ மிகப் பழைய காலத்தில் இரண்டுக்கும் ஒரே பாட்டி இருந்திருக்கிறாள்.

ஒற்றுமை இன்சுலின் கொடுத்தது என்றால், வித்தியாசம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தது. ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களைச் சுற்றி வலை போல ஒரு சுவர் இருக்கிறது. டால்பினின் உயிரணுவுக்கும் நமக்கும் அந்தச் சுவர் கிடையாது. பென்சிலின் குடும்பத்து மருந்துகள் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்கின்றன. சுவர் இல்லாத நம் உயிரணு தப்பிக்கிறது, சுவரை நம்பிய பாக்டீரியா உடைகிறது. சளிக்காய்ச்சலைக் கொண்டுவரும் வைரஸுக்கு அந்தச் சுவர் இல்லாததால் அதற்குப் பென்சிலின் குடும்பத்து அமோக்சிசிலின் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதில் பயன் இல்லை.

இரவு எட்டு மணி ஆகிவிட்டது. அவள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் நிறைய எழுதியிருந்தாள். கடைசியாக மைட்டோகாண்டிரியாவைப் பற்றிச் சொன்னேன். டால்பினின் உயிரணுவுக்குள் சக்தி தயாரிக்கும் உறுப்பு அது. வாலை ஆட்டும் தசையில் நெருக்கி அடுக்கி வைத்தது போல இருக்கும். அதன் அளவு ஒரு மைக்ரோமீட்டர் சுமார், அதாவது ஒரு பாக்டீரியா அளவு. அதற்கென்று தனியாக டி.என்.ஏ. இருக்கிறது, அதுவும் பாக்டீரியாவைப் போலவே வளையமாக. புரதம் செய்யும் இயந்திரமும் தனியாக இருக்கிறது, அதுவும் பாக்டீரியாவின் இயந்திரத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டாகப் பிரிந்துதான் பெருகும். லின் மார்குலிஸ் 1967இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கான காரணத்தை விரிவாக வாதிட்டார்: ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியாதான் இன்னோர் உயிரணுவுக்குள் புகுந்து, செரிக்கப்படாமல் தங்கி, வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரர் ஆனது போல ஆகிவிட்டது. அப்போது பலர் ஒத்துக்கொள்ளவில்லை. டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தபோது சான்று அவர் பக்கம் வந்தது.

அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். "சித்தி, அப்போ டால்பின் இழுக்கிற காத்து கடைசியில யாருக்குப் போகுது?"

"மைட்டோகாண்டிரியாவுக்குத்தான்மா. அங்கதான் ஆக்சிஜன் செலவாகுது."

"அந்த ஆக்சிஜனை முதல்ல யார் செஞ்சது?"

அதையும் சொன்னேன். ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பூமியின் காற்றில் ஆக்சிஜனை நிரப்பத் தொடங்கியது சயனோபாக்டீரியா. சூரிய ஒளியில் தண்ணீரைப் பிளக்கக் கற்ற பாக்டீரியா. அதன் சொந்தக்காரர்கள் இன்றும் கடலில் கோடானுகோடியாக அதே வேலையைச் செய்கிறார்கள்.

அவள் முதலில் எழுதிய "நல்லது, கெட்டது" வரியை அடித்தாள். மைட்டோகாண்டிரியா என்ற சொல்லை எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்கவில்லை. நடுவில் போட்டிருந்த கோட்டின்மேலேயே, கோடு சொல்லின் குறுக்கே போகும்படி எழுதினாள். பிறகு புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஈரம் எப்போதோ காய்ந்திருந்தது. டால்பின்கள் விடும் மூச்சுத் துளியைப் பிடித்து அதில் உள்ள பாக்டீரியாக்களை ஆராய்ச்சியாளர்கள் படிக்கிறார்கள் என்று நான் சொன்னதும், "கழுவிட்டுத்தான் சாப்பிடணுமா?" என்று கேட்டாள். கழுவிவிட்டு வரச் சொன்னேன், சோப்புப் போட்டு.